தூத்துக்குடி

தூத்துக்குடி, தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்துள்ள துறைமுக நகரமும், தூத்துக்குடி மாவட்டத்தின் தலைநகரமும் ஆகும். முத்துக்குளித்தலுக்குப் பெயர் பெற்றிருந்ததால் இது முத்துநகர் எனவும், சைவ மரபில் திருமந்திரநகர் எனவும் அழைக்கப்படுகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 600 கி.மீ. தெற்கிலும், திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. கிழக்கிலும் அமைந்துள்ளது.

இக்கரையின் முத்து வணிகம் ஒரே ஊரில் நிலைத்திருக்கவில்லை. பாண்டியர் காலக் கொற்கை, இடைக்காலக் காயல், போர்த்துக்கீசர் காலப் புன்னைக்காயல் எனத் துறைமுகம் இடம் மாறிவந்து, இறுதியாகத் தூத்துக்குடியை அடைந்தது. இந்நகருக்குப் பெயர் தந்த முத்துக்குளித்தல் 1961ஆம் ஆண்டுடன் நின்றுபோனது. துறைமுகம், உப்பு உற்பத்தி, மீன்பிடித்தல், தொழிற்சாலைகள் ஆகியவை இன்று நகரின் பொருளாதாரத்துக்கு அடிப்படையாக உள்ளன.

பெயர்க்காரணம்

தூத்துக்குடி என்ற பெயரின் தோற்றம் பற்றிப் பல விளக்கங்கள் உள்ளன.

தூர்த்தல் என்பதற்கு நிரப்புதல், மூடுதல் என்பது பொருள். "தூர்த்துக்குடி" என்பதே மருவித் தூத்துக்குடி ஆயிற்று என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கமாகும். ஆனால் தூர்க்கப்பட்டது எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடலைத் தூர்த்து அமைத்த குடியிருப்பு என்று ஒரு சாரார் கூறுவர். கிணறுகள் மணலால் தூர்ந்துபோகும் ஊர் என்பது கால்டுவெல் தந்த விளக்கமாகும். இது சரியான வேர்ச்சொல்லாக இருப்பினும் இல்லாவிடினும் ஊரின் நிலைமைக்குப் பொருத்தமானது என்று அவர் கருதினார். மணற்பாங்கான இந்நிலத்தில் நன்னீர்க் கிணறுகளைப் பேணுவது அண்மைக்காலம் வரை கடினமாகவே இருந்தது.

இராமாயணத்தைச் சார்ந்து, தூதனாகிய அனுமனோடு ஊர்ப்பெயரைத் தொடர்புபடுத்தும் நாட்டார் வழக்கும் உண்டு. சிவபெருமான் உமையம்மைக்கு மந்திரத்தை உபதேசித்த இடம் என்ற தலபுராணச் செய்தியிலிருந்து திருமந்திரநகர் என்ற பெயர் தோன்றியது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாலமியின் புவியியல் நூலில் "சோசிக்கூரை" என்னும் ஊர் குறிப்பிடப்படுகிறது. இது தூத்துக்குடியே எனச் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அதே நூலில் வரும் "கொல்கோய்" என்பது கொற்கை ஆகும்.

ஐரோப்பியர் இந்நகரை "டூட்டிகோரின்" என்று அழைத்தனர். தமிழின் டகர ஒலி அவர்கள் காதில் ரகரம் போல ஒலித்ததே "குடி" என்பது "கோரி" எனத் திரிந்ததற்குக் காரணமாகலாம். மணப்பாடு "மணப்பார்" எனவும், தரங்கம்பாடி "திராங்கேபார்" எனவும் திரிந்தமை இத்துடன் ஒப்புநோக்கத்தக்கது.

புவியியல்

நகரம் தாமிரபரணி ஆற்றின் முகத்துவாரத்துக்கு வடக்கே, சமதளமான மணற்பாங்கான நிலத்தில் அமைந்துள்ளது. வடகிழக்குப் பருவக்காற்றே மழைக்கு முதன்மையான காரணமாகும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு, வெயிலும் காற்றும் மிகுந்திருப்பதால் உப்பு விளைச்சலுக்கு ஏற்ற சூழல் நிலவுகிறது. எனினும் 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையால் நகரமும் மாவட்டத்தின் பெரும்பகுதியும் வெள்ளத்தில் மூழ்கின.

கரைக்கு அப்பால் வான்தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குசல்லி ஆகிய தீவுகள் உள்ளன. இவை மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் அடங்கும். இத்தீவுகளும் சூழ்ந்த கடற்பகுதியும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் வீடு கட்டுவதற்கும் சுண்ணாம்பு எரிப்பதற்கும் நெடுங்காலம் வெட்டியெடுக்கப்பட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறைகள் குறைந்ததால் தீவுகள் அரிப்புக்கு உள்ளாயின. விலாங்குசல்லி கடலுள் மூழ்கிவிட்டது. வான்தீவைக் காப்பதற்காக அதனருகே செயற்கைப் பாறைகள் இடப்பட்டுள்ளன.

வரலாறு

கொற்கையும் காயலும்

சங்ககாலப் பாண்டியரின் துறைமுகமாகவும், முத்துக்குப் பெயர் பெற்ற ஊராகவும் விளங்கியது கொற்கையாகும். சங்க இலக்கியங்களில் கொற்கை முத்து பல இடங்களில் குறிப்பிடப்படுகிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரேயக் கடற்செலவு என்னும் கிரேக்க நூலும் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அங்கே முத்துக்குளிக்கப்பட்டதாக அந்நூல் கூறுவது, இத்தொழிலின் ஆபத்தை அறிய உதவும் மிகப் பழைய சான்றாகும்.

தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் படிப்படியாக விலகியது. கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களால் சூழப்பட்ட சிற்றூராக உள்ளது. கொற்கையிலும் காயலிலும் 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் ஆய்வு செய்தார். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1968-69இல் கொற்கையில் அகழாய்வு மேற்கொண்டது.

கொற்கைக்குப் பின்னர் கடலுக்கு அண்மையில் இருந்த காயல் துறைமுகமாயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயலில் நடந்த குதிரை வணிகத்தையும் இக்கரையின் முத்துக்குளித்தலையும் விவரித்துள்ளார். காலப்போக்கில் காயலும் தூர்ந்தது. இன்று அது பழையகாயல் என்று அழைக்கப்படுகிறது.

போர்த்துக்கீசர் காலம்

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையின் முத்து வணிகத்தில் முசுலிம் வணிகர்கள் செல்வாக்குப் பெற்றிருந்தனர். முத்துக்குளித்தலிலும் மீன்பிடித்தலிலும் ஈடுபட்டிருந்த பரதவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே 1530களில் கடும் மோதல் ஏற்பட்டது. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசரின் பாதுகாப்பைக் கோரினர். இதற்கு வழிகாட்டியவர் கள்ளிக்கோட்டையைச் சேர்ந்த குதிரை வணிகரான யோவான் த குருசு என்பவராவார். இதைத் தொடர்ந்து 1536-37இல் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். 1538இல் வேதாளையில் நடைபெற்ற போரில் போர்த்துக்கீசர் வெற்றி பெற்றதும், முத்துக்குளித்துறை எனப்பட்ட இக்கரை முழுவதும் அவர்கள் செல்வாக்கின் கீழ் வந்தது.

பிரான்சிசு சேவியர் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பணியாற்றினார். அவருக்குப் பின் வந்த அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார் தமிழைக் கற்று, 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட தம்பிரான் வணக்கம் என்னும் நூலை உருவாக்கினார். தமிழ் எழுத்துகளில் அச்சான நூல்களுள் இன்று கிடைப்பனவற்றில் இதுவே மிகப் பழையதாகும். அவர் 1600இல் புன்னைக்காயலில் காலமானார். அவரது உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

முதலில் புன்னைக்காயலே போர்த்துக்கீசரின் தலைமையிடமாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடி முதன்மை பெற்றது. வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு உள்ளிட்ட பரதவர் துறைகள் ஏழு கடற்றுறை எனப்பட்டன. இவற்றுக்குப் பொதுவான சாதித் தலைவர் தூத்துக்குடியில் இருந்தார். பர்னாந்து, ரொட்ரிகோ, கோமசு, மச்சாடோ, மிராண்டா முதலிய குடும்பப் பெயர்கள் போர்த்துக்கீசர் தொடர்பால் வந்து இன்றும் வழங்குகின்றன.

ஒல்லாந்தர் காலம்

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்களுடன் வந்த பால்டேயசு என்னும் சீர்திருத்தத் திருச்சபைக் குரு, பரதவர்களைத் தம் சபைக்கு மாற்ற முயன்றார். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடைகள் விதிக்கப்பட்டபோதும் அம்முயற்சி பலிக்கவில்லை. 1672இல் வெளியான பால்டேயசின் நூலில் அக்காலத் தூத்துக்குடி பற்றிய குறிப்புகள் உள்ளன.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்து முத்து, சங்கு, பருத்தித் துணி ஆகியவற்றை வணிகம் செய்தது. ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே நகரம் பலமுறை கைமாறியது. 1782இலும் 1795இலும் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். 1818இல் அது மீண்டும் ஒல்லாந்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825 சூன் 1 அன்று நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. இதற்கிடையே 1801இல் பாஞ்சாலங்குறிச்சிப் படையினரும் குறுகிய காலம் நகரைத் தம் வசம் வைத்திருந்தனர்.

ஆங்கிலேயர் காலம்

கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தியை ஏற்றுமதி செய்யும் துறைமுகமாகத் தூத்துக்குடி 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. கிரேட் காட்டன் சாலை என்ற பெயர் அக்காலத்தை நினைவூட்டுகிறது. 1866இல் நகராட்சி அமைக்கப்பட்டது. 1876இல் தொடருந்துப் பாதை வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து தொடருந்தில் தூத்துக்குடி வந்து, இங்கிருந்து கப்பலில் கொழும்பு செல்வதே அக்காலத்தில் இலங்கைக்கான முதன்மை வழியாக இருந்தது. 1914இல் தனுசுக்கோடி - தலைமன்னார் கப்பல் போக்குவரத்து தொடங்கும்வரை இந்நிலை நீடித்தது.

குடிநீர்ப் பற்றாக்குறை நகரின் நீண்டகாலக் குறையாக இருந்தது. நகராட்சித் தலைவராகப் பலமுறை பணியாற்றிய குரூசு பர்னாந்து (1869-1930) எடுத்த முயற்சியால், 1920களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது.

விடுதலைப் போராட்டம்

ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம்பிள்ளை, தூத்துக்குடியில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். தூத்துக்குடி - கொழும்பு கப்பல் போக்குவரத்தில் ஆங்கிலேயக் கம்பெனி கொண்டிருந்த தனியுரிமையை முறியடிக்க, 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். அதன் முதலீடு 10 இலட்சம் உரூபாய் எனவும், பங்கு ஒன்று 25 உரூபாய் எனவும் வரையறுக்கப்பட்டது. 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் கடுமையாகக் குறைத்துப் போட்டியிட்டது.

1908 பெப்ரவரி 27 அன்று கோரல் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் தலைமை தாங்கினர். தொழிலாளர் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. சில நாட்களில், மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். வ. உ. சி.க்கு 40 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. அவர் 1912 திசம்பரில் விடுதலையானபோது கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டிருந்தது. தம் இறுதி ஆண்டுகளைத் தூத்துக்குடியில் கழித்த அவர் 1936 நவம்பர் 18 அன்று இங்கேயே காலமானார்.

அண்மைக்காலம்

1986 அக்டோபர் 20 அன்று திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டு, சிதம்பரனார் மாவட்டம் உருவாக்கப்பட்டது. அது பின்னர் தூத்துக்குடி மாவட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது. 2008 ஆகத்து 5 அன்று நகரம் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 2,37,830 ஆகும்.

1990களில் தொடங்கப்பட்ட செப்பு உருக்காலையால் காற்றும் நிலத்தடி நீரும் மாசடைவதாகக் கூறி நகர மக்களும் சுற்றுப்புற ஊர்களின் மக்களும் பல ஆண்டுகள் போராடினர். 2018 மே 22 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற போராட்டக்காரர்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து 13 பேர் உயிரிழந்தனர். மே 28 அன்று ஆலையை மூட மாநில அரசு ஆணையிட்டது. ஆலையை மீண்டும் திறக்கக் கோரிய மேல்முறையீட்டை 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

முத்துக்குளித்தல்

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகள் பார் எனப்படும். தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள பார்களுள் தொலயிரம் பார் குறிப்பிடத்தக்கது. பார்களில் சிப்பி போதிய அளவு முதிர்ந்த ஆண்டுகளில் மட்டுமே முத்துக்குளிப்பு நடைபெற்றது. இது சலாபம் எனப்பட்டது. ஒரு சலாபத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சில வேளைகளில் பல பத்தாண்டுகள் கழிந்ததும் உண்டு. கடல் அமைதியாக இருக்கும் மார்ச் முதல் மே வரையிலான காலமே இதற்கு ஏற்றதாகும்.

படகுகள் நள்ளிரவில் தரைக்காற்றின் உதவியால் புறப்பட்டு, விடியலில் பாரை அடையும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மீது கால் வைத்து விரைவாகக் கடலடிக்கு இறங்குவார். மூச்சு தாங்கும் வரை, பெரும்பாலும் ஒரு நிமிட அளவே, சிப்பிகளைப் பறித்து வலைப்பையில் இடுவார். பின் கயிற்றை அசைத்ததும் படகில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். கயிறு பிடிப்பவர் குளிப்பவரின் மைத்துனராக இருப்பது வழக்கம் என்பர். தங்கையின் வாழ்வு கருதி அவர் கவனமாக இருப்பார் என்பது இதற்குக் கூறப்படும் காரணமாகும். சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி என்பவரும் உடன் இருந்தார். அவர் இன்றிக் கடலில் இறங்கக் குளிப்பவர்கள் மறுத்ததால், ஆங்கிலேய அரசே அவருக்கு ஊதியம் வழங்கியது.

ஒருவர் எத்தனை பேரைக் குளிக்க அனுப்பலாம் என்பது கல் என்னும் அலகால் கணக்கிடப்பட்டது. மதுரை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதி முதலியோருக்கு இவ்வாறு கல் உரிமைகள் இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பிகளுள் மூன்றில் இரு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு குளிப்பவர்களுக்கும் உரியது. அரசின் பங்கு திறக்கப்படாமலே ஆயிரம் சிப்பி எனக் கணக்கிட்டு ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர்கள் சிப்பிகளை அழுகவிட்டு, கழுவி முத்துகளைப் பிரித்தனர். எனவே நல்விலை முத்துகளில் பெரும்பாலானவை, அவற்றைக் கடலடியிலிருந்து எடுத்தவர் கண்ணில் படாமலே கைமாறின.

1889இல் தூத்துக்குடியில் பெரிய சலாபம் ஒன்று நடைபெற்றது. 1955 முதல் 1961 வரை நடைபெற்றதே கடைசி வரிசையாகும். அதன் பின்னர் பார்களில் சிப்பி போதிய அளவில் பெருகவில்லை. மிகையாகச் சிப்பி எடுத்தல், மணல் மூடுதல், திருக்கை முதலிய உயிரினங்கள் சிப்பிகளை உண்ணுதல், சூரன் என்னும் மட்டி படர்ந்து இளஞ்சிப்பிகளை அழித்தல் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. சப்பானிய வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்ததால் இயற்கை முத்தின் விலையும் முன்னரே வீழ்ந்திருந்தது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையம், அருகிலுள்ள வேப்பலோடையில் 1973இல் வளர்ப்பு முத்தை வெற்றிகரமாக உருவாக்கியது. 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்யும் முறையும் கண்டறியப்பட்டது. முத்துக்குளித்தல் நின்ற பின்னரும் சங்குக்குளித்தல் தொடர்ந்தது. இங்கிருந்து செல்லும் சங்குகள் வங்காளத்தில் வளையல்கள் செய்யப் பயன்படுகின்றன.

துறைமுகமும் தொழில்களும்

பழைய துறைமுகத்தில் ஆழம் குறைவு. எனவே பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் நிறுத்தப்பட்டு, தோணிகள் மூலம் சரக்கு ஏற்றி இறக்கப்பட்டது. பாய்மரத் தோணிகள் கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் சரக்கு கொண்டுசென்றன. நகருக்குத் தெற்கே, ஏறத்தாழ 4 கி.மீ. நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுள் எழுப்பிப் புதிய துறைமுகம் அமைக்கப்பட்டது. 1974 சூலை 11 அன்று இது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயரிடப்பட்டது.

இந்தியாவில் குசராத்துக்கு அடுத்தபடியாக உப்பு மிகுதியாக விளையும் இடம் தமிழ்நாடாகும். அதன் பெரும்பகுதி தூத்துக்குடி உப்பளங்களில் விளைகிறது. உப்பளத் தொழிலாளர் வாழ்வை ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகள் என்னும் புதினம் சித்திரிக்கிறது. பரதவர் வாழ்வையும் நகரின் மாற்றங்களையும் கூறும் ஜோ டி குருசின் கொற்கை என்னும் புதினம் 2013இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. முந்திரி, சீனி, முட்டை வெண்கரு ஆகியவற்றால் செய்யப்படும் மக்ரூன் இந்நகரின் புகழ்பெற்ற தின்பண்டமாகும்.

குறிப்பிடத்தக்க இடங்கள்

பனிமய மாதா பேராலயம்: நகரின் அடையாளமாக விளங்கும் கத்தோலிக்கத் திருத்தலம். இங்குள்ள மாதா திருவுருவம் 1555இல் மணிலாவிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பது மரபு. முதற் கோவில் 1582இல் அமைந்தது. தற்போதைய கோவில் 1712-13இல் கட்டப்பட்டது. 1982இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஆண்டுத் திருவிழா சூலை 26 முதல் ஆகத்து 5 வரை நடைபெறும். 1806இல் முதன்முறையாக ஓடிய தங்கத்தேர் சிறப்பு ஆண்டுகளில் மட்டும் இழுக்கப்படுகிறது. அண்மையில் 2023இல் தேரோட்டம் நடைபெற்றது.

சங்கரராமேசுவரர் கோவில்: நகரின் பழைமையான சிவன் கோவில். அம்மன் பாகம்பிரியாள். திருமந்திரநகர் என்ற பெயர் இக்கோவிலின் தலமரபைச் சார்ந்ததாகும். அருகே வைகுண்டபதி பெருமாள் கோவில் உள்ளது.

பரிசுத்த திரித்துவ ஆலயம்: 1750இல் ஒல்லாந்தர் கட்டியது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயமாக உள்ளது. ஒல்லாந்தக் கம்பெனியின் "வி.ஓ.சி." என்னும் முத்திரையை இங்கே காணலாம். வ. உ. சிதம்பரனாரின் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கினாலும் அதே மூன்று எழுத்துகள் வருவது தற்செயலான ஒற்றுமையாகும்.

முயல் தீவு: புதிய துறைமுகத்தை ஒட்டி அமைந்த கடற்கரைப் பகுதி. கலங்கரை விளக்கம் ஒன்று உள்ளது. பொங்கலை ஒட்டி நகர மக்கள் இங்கு பெருமளவில் கூடுவர்.

வ. உ. சி. கல்லூரி: 1951இல் நிறுவப்பட்டது. மாவட்டத்தின் முதன்மையான கல்லூரிகளுள் ஒன்றாகும்.

கொற்கை: நகருக்குத் தெற்கே, தாமிரபரணியின் வடகரைப் பகுதியில் உள்ள சிற்றூர். பழைய துறைமுகத்தின் தடயமாக இன்று எஞ்சியிருப்பவை வெற்றிவேலம்மன் கோவிலும், குளமும், மிகப் பழைமையானதாகக் கருதப்படும் வன்னி மரமும், மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் சங்கு, சிப்பித் துண்டுகளுமே ஆகும்.